கெட்சப் முதலிடம் வந்த வாரம்

இலோய்லோ நகரத்து லா பாஸ் சந்தையில் இப்போது செல்போன் உறை விற்கிற அந்த மூலைக் கடை ஒரு காலத்தில் ஓபிலோவின் பாச்சோய்க் கடையாக இருந்தது. கொதிக்கும் எலும்புச் சாற்றில் நூடுல்ஸ், ஈரல், மேலே ஒரு கை பொரித்த பூண்டு என்று கிண்ணம் கிண்ணமாகப் போகும். ஆனால் அங்கே கூட்டம் சேர்ந்தது கிண்ணத்துக்காக மட்டும் இல்லை, சுவருக்காகவும்தான். ஒவ்வொரு சனிக்கிழமையும் மதியம் மூன்று மணிக்கு சால்விங் வருவாள். இரண்டு ஓரமும் ஓட்டை போட்ட கம்ப்யூட்டர் தாள் ஒன்றை அந்தச் சுவரில் ஒட்டுவாள். அதில் எட்டு கூடைப்பந்து டீம்களின் பெயர் இருக்கும். ஒவ்வொரு பெயருக்கும் நேரே ஓர் எண். வேறு ஒன்றும் இருக்காது.

அந்த எட்டு வரிக்காக அங்கே நடந்த சண்டையை இன்றைய பிள்ளைகளிடம் சொன்னால் நம்ப மாட்டார்கள். இன்றைக்கு எந்த டீம் எத்தனையாவது என்று நிமிஷத்துக்கு நிமிஷம் போனே சொல்லிவிடுகிறது. அதன் கீழே முகம் தெரியாத ஆயிரம் பேர் ஒருவரை ஒருவர் திட்டிக்கொள்கிறார்கள். திட்டிவிட்டு அவர்கள் ஒரே கிண்ணத்திலிருந்து வறுவல் எடுத்துத் தின்ன முடியுமா? ஓபிலோ கடையில் முடிந்தது.

சால்விங்கின் முழுப்பெயர் சால்வசியோன் கும்பான். இலோய்லோ ஆற்றுத் துறையில், சர்க்கரைக் கிடங்கின் எடை மேடையில் குமாஸ்தா. லாரி உள்ளே வரும்போது ஓர் எடை, வெளியே போகும்போது ஓர் எடை, இரண்டையும் கழித்து எழுத வேண்டும். டிரைவர்கள் கெஞ்சினாலும் சிரித்தாலும் முறைத்தாலும் அரைக் கிலோ கூட்டிப் போட மாட்டாள். கிடங்குக்கு முதல் கம்ப்யூட்டர் வந்தபோது மற்ற குமாஸ்தாக்கள் அதைத் தொடவே பயந்தார்கள். இவள் ஒரு மாதத்தில் அதை வசப்படுத்திவிட்டாள். கட்டம் கட்டமாகப் பிரித்து எண்களைப் போட்டால் அது தானே கூட்டிக் கழித்து வரிசைப்படுத்தும் என்பது அவளுக்கு அவ்வளவு பிடித்துப்போயிற்று.

கூடைப்பந்து பிடித்ததா என்றால், இல்லை. அது அவள் புருஷன் திபோவின் பைத்தியம். திபோ கப்பல் இயந்திர அறையில் எண்ணெய் போடுகிறவன். வருஷத்தில் பத்து மாதம் கடலில் இருப்பான். அந்த ஊரில் தெருவுக்கு நாலு வீட்டில் அப்படித்தான். அவனுடைய டீம் பரோலா மத்தி. நம் லீக்கில் டீம்களுக்கு ஊர்ப்பெயர் கிடையாதே. எல்லாம் கம்பெனிப் பெயர், சாமான் பெயர்தான். பீர் சோப்பை ஜெயிக்கும், சோப்பு பெயிண்ட்டை ஜெயிக்கும். மத்தி டப்பா எல்லோரிடமும் தோற்கும்.

எண்பத்து ஐந்தில் விடுப்புக்கு வந்தவன் திரும்பக் கிளம்புகிற அன்று, பெட்டியைப் பூட்டிக்கொண்டே சொன்னான்.

"இனிமே லெட்டர்ல யாரு ஜெயிச்சா, யாரு தோத்தான்னு மட்டும் எழுதாத சால்விங். அது என் கைக்கு வர்றதுக்குள்ள அஞ்சு வாரம் ஆயிடுது. மீன் மாதிரி நாறிடுது. எந்த டீம் நெஜமாவே பலம்னு எழுது. பலம் அவ்வளவு சீக்கிரம் மாறாது."

"அதை நான் எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

"உன் கம்ப்யூட்டரைக் கேளு."

விளையாட்டாகச் சொன்னான். அவள் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு டீம் எத்தனை பாயிண்ட் வித்தியாசத்தில் ஜெயித்தது, யாரை ஜெயித்தது, தோற்றவன் வேறு யாரை ஜெயித்தான் என்று எல்லாவற்றையும் கட்டங்களில் போட்டாள். பதினைந்துக்கு மேல் வித்தியாசம் போனால் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று ஒரு விதி வைத்தாள். தோற்பது தெரிந்தபிறகு பெஞ்சில் இருந்த பையன்களை இறக்கி விடுவார்கள், அது பலத்தைக் காட்டாது என்பது அவள் கட்சி. மறுவருஷம் திபோ சிங்கப்பூரில் இறங்கியபோது அவளுக்கென்றே ஒரு பழைய கம்ப்யூட்டரும் அச்சுப் பொறியும் வாங்கி, சக மாலுமி ஒருவன் மூலம் அனுப்பிவைத்தான். தையல் மெஷினை நகர்த்திவிட்டு அந்த இடத்தில் அதை வைத்தாள்.

ஒரு தாள் கப்பலுக்குப் போகும். இன்னொரு தாளை வீணாக்குவானேன் என்று ஓபிலோ கடையில் ஒட்ட ஆரம்பித்தாள். அதோடு அவள் நிம்மதி போயிற்று என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் அந்த நிம்மதிக் குறைவுதான் அவளுக்குத் துணையாகவும் இருந்தது.

கடையில் ஒரு சட்டம் இருந்தது. அந்த வாரம் லிஸ்ட்டில் எந்த டீம் கடைசியோ, அந்த டீமின் ரசிகர்கள் ஓபிலோவுக்கு இரண்டு கிலோ பூண்டு உரித்துக் கொடுக்க வேண்டும். சட்டம் போட்டது ஓபிலோதான் என்று சொல்லத் தேவையில்லை. அதனால் ஒவ்வொரு எண்ணும் ஆளாளுக்கு உயிர்ப் பிரச்சினையாக இருந்தது.

"ஏ இந்தாய்," என்பார் ஓபிலோ. அறுபது வயது, பெரிய தொப்பை, கமியா சோப்பு டீமின் வெறியர். தன்னைவிட இளைய பெண்கள் எல்லோரும் அவருக்கு இந்தாய்தான்; அவர்களுக்கு அவர் மனோங், அதாவது அண்ணன், அக்கா என்றால் மனாங். "வியாழக்கிழமை எங்க சோப்பு பீரை ஜெயிச்சுதா இல்லையா?"

"ஜெயிச்சுது மனோங். ஒரு பாயிண்ட்ல."

"அப்புறம் எப்படி பீர் ரெண்டாவது, நாங்க நாலாவது? ஜெயிச்சவன் கீழ, தோத்தவன் மேலயா? உங்க வீட்ல அப்படித்தானா?"

"அதுக்கு முன்னால நீங்க பெயிண்ட்கிட்ட பதினாலுல தோத்தீங்க மனோங். பெயிண்ட்கிட்ட! அதை யாரு சுமக்கிறது?"

"அன்னைக்கு எங்க சென்டருக்கு வயித்துப்போக்கு."

"வயித்துப்போக்கு போட எங்கிட்ட கட்டம் இல்ல."

கடையே சிரிக்கும். கோயில் அலுவலகத்தில் ஞானஸ்நானப் பதிவேடு எழுதுகிற பாசிங் அக்கா மட்டும் சிரிக்க மாட்டாள். அவள் மயா பீர் டீமின் பக்தை. ஆயுசில் ஒரு சொட்டு பீர் குடித்ததில்லை. ஆனால் அந்த டீம் ஆடுகிற நாளில் ஜெபமாலை கையில் இருக்கும்.

"அதெல்லாம் இருக்கட்டும். ஞாயித்துக்கிழமை எங்க பீர் கடைசி செகண்ட்ல பந்து போட்டு ஜெயிச்சுதே, அதுக்கு உன் கம்ப்யூட்டர் எவ்வளவு மார்க் குடுக்குது?"

"ஒரு பாயிண்ட் மனாங்."

"ஒரு பாயிண்ட்டா? எனக்கு உயிரே போயிட்டு வந்துச்சுடி! அதுக்கு ஒரு பாயிண்ட்டா?"

ஜீப்னி என்கிற பயணிகள் வண்டி ஓட்டுகிற மோகிங் மூலையில் உட்கார்ந்து ஒன்றும் பேசாமல் சாப்பிடுவான். அவன் டீமும் மத்திதான். மத்தி ரசிகனுக்குப் பேச என்ன இருக்கிறது? ஆறு, ஏழு, ஆறு, எட்டு என்று அதன் இடம் போகும். பாதி சனிக்கிழமைகளில் அவன் விரலில் பூண்டு வாடைதான். "உங்க கம்ப்யூட்டருக்கு மத்தின்னா ஆகாது மனாங். பூனை வளர்க்கிற வீட்ல பொறந்திருக்கும்," என்று மட்டும் எப்போதாவது சொல்வான்.

இவர்கள் எவ்வளவு கத்தினாலும் சால்விங் எண்ணை மாற்ற மாட்டாள். எடை மேடையில் எப்படியோ அப்படித்தான் இங்கேயும். கத்தினவர்களும் அதற்காகவே அவளை மதித்தார்கள். சொந்தப் புருஷனுடைய டீமையே எட்டாவது இடத்தில் போடுகிறவளை என்னவென்று குற்றம் சொல்வது?

திபோவின் கடிதங்களும் இதே சண்டையைத்தான் கடல் தாண்டி நடத்தின. மத்தியின் புது கார்டு ஆட்டக்காரனை நீ குறைத்து மதிப்பிட்டுவிட்டாய், உன் பதினைந்து பாயிண்ட் விதி அநியாயம் என்று பக்கம் பக்கமாக எழுதுவான். ஒவ்வொரு கடிதத்தின் கடைசியிலும், கடைக்கே மனப்பாடமான, ஒரே வரி இருக்கும். மத்தி முதலிடம் வந்தால் எழுது, கப்பலை விட்டுக் குதித்து நீந்தியாவது வந்துவிடுகிறேன்.

மத்தி முதலிடம் வரவில்லை. அவனும் வரவில்லை. எண்பத்து ஏழில் போனவன் ஒப்பந்தம் முடிந்ததும் அங்கேயே வேறு கப்பலில் ஏறினான். தம்பி படிப்பு என்றான். அடுத்த தடவை வீட்டுக் கூரை என்றான். மூன்றாவது தடவை காரணமே எழுதவில்லை, புதுக் கப்பலின் முகவரியை மட்டும் எழுதினான். தொண்ணூறில் சால்விங்குக்கு முப்பத்தேழு வயது. கல்யாணமாகிப் பத்து வருஷம். குழந்தை இல்லை. இருப்பதற்கு அவன் எங்கே இருந்தான்? அவனை வரச் சொல்லி அவள் ஒரு கடிதத்திலும் எழுதவில்லை. கெஞ்சி வரவழைக்க அவளுக்கு வாய் வரவில்லை. லிஸ்ட்டை மட்டும் ஒரு வாரம் தவறாமல் அனுப்பினாள்.

அந்த வருஷம் செப்டம்பரில் பரோலா கம்பெனி மத்தி டப்பா விற்பதைக் குறைத்துக்கொண்டு வாழைப்பழக் கெட்சப்பில் இறங்கியது. உடனே டீமின் பெயரும் மாறியது. பரோலா மத்தி போய் ரொசால் கெட்சப் வந்தது. அதே ஆட்டக்காரர்கள், அதே கோச், பனியன் மட்டும் நீலத்திலிருந்து சிவப்பு. நம் ஆட்களுக்கு இது புதிதா என்ன? பருவத்துக்கு ஒரு தடவை ஏதாவது ஒரு டீம் பேரை மாற்றிக்கொண்டே இருக்கும். யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. திபோவுக்கும் ஒரு வரி எழுதினாள், உன் மத்தி இனிமேல் கெட்சப் என்று.

அக்டோபரில் ஒரு புதன்கிழமை காலை. பக்கத்துத் தெருப் பையன் ஒருவன் ராட்டர்டாமில் திபோவின் கப்பலில் சேரப்போகிறேன், ஏழு மணிக்குக் கிளம்புகிறேன், ஏதாவது கொடுக்கணுமா என்று வாசலில் வந்து நின்றான். கைமாற்றாகப் போனால் ஐந்து வாரம் ஐந்து நாளாகிவிடும். சால்விங் அவசர அவசரமாகக் கம்ப்யூட்டரைப் போட்டாள். டீம் பட்டியலில் மத்தி என்ற இடத்தில் கெட்சப் என்று அடித்தாள். புதுப் பேரில் அந்த வாரம்தான் ஆடத் தொடங்கியிருந்தார்கள், ஞாயிறு, செவ்வாய் இரண்டு ஆட்ட முடிவையும் சேர்த்தாள். தாள் கரகரவென்று வந்தது. கிழித்து, காய்ந்த மாம்பழப் பொட்டலத்தோடு உறையில் திணித்துக் கொடுத்து அனுப்பினாள். படிக்கவில்லை. பிறகு கடைக்கான தாளைப் படித்தபோது கெட்சப் முதலிடத்தில் இருந்தது.

அவளுக்கே ஆச்சரியம்தான். ஆனால் பேர் மாறியதிலிருந்து அவர்கள் ஆடின இரண்டு ஆட்டத்திலும் நன்றாகத்தான் ஜெயித்திருந்தார்கள். கம்ப்யூட்டர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று சனிக்கிழமை கொண்டுபோய் ஒட்டினாள்.

மோகிங் கிண்ணத்தை வைத்துவிட்டு எழுந்து வந்து, சுவரில் மூக்கு முட்டுகிற மாதிரி நின்று படித்தான்.

"மனாங், இது நெஜமா?"

"நெஜம்தான்."

"நெஜமா, இந்தாய்?" ஓபிலோவின் குரல் கீச்சென்று வந்தது. "போன வாரம் ஆறாவது இருந்தவன் ரெண்டு ஆட்டத்துல ஒண்ணாவதா? அது போகட்டும். எங்க சோப்பு எப்படி எட்டாவது? நாங்க யாருகிட்ட தோத்தோம்? இந்த வாரம் நாங்க ஆடவே இல்லையே!"

"ஆடாமலே தோக்கிறது உங்களுக்கு மட்டும்தான் வரும் மனோங்," என்றான் மோகிங். ஐந்து வருஷமாக வாயை மூடிக்கொண்டிருந்தவன் அன்றைக்கு எல்லாவற்றையும் சேர்த்துப் பேசினான். பூண்டு மூட்டையை அவனே தூக்கிவந்து கல்லாவில் வைத்தான்.

சால்விங் விட்டுக்கொடுக்கவில்லை. எதிரிகளின் பலம் மாறினால் ஆடாத டீமும் இறங்கும் என்று ஒரு மணி நேரம் வாதாடினாள். அவள் சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை, அடியில் இருந்த எண்தான் தப்பு. கடைசியில் ஓபிலோ தன் கடையில் தானே உட்கார்ந்து இரண்டு கிலோ பூண்டு உரித்தார். வாடிக்கைக்காரர்கள் வேடிக்கை பார்க்க வந்தார்கள்.

ஆனாலும் அந்த எட்டாவது இடம் அவளுக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. மறுநாள் பூசை முடிந்து வந்ததும் பென்சிலை எடுத்துக்கொண்டு கையாலேயே கணக்குப் போட்டாள். பத்து நிமிஷத்தில் தெரிந்துவிட்டது. பட்டியலில் பெயரை மாற்றியவள், பழைய ஆட்டங்களில் மாற்றவில்லை. மனுஷர்கள் எல்லோருக்கும் கெட்சப்தான் மத்தி என்று தெரியும். கம்ப்யூட்டருக்கு யார் சொன்னார்கள்? மத்தி ஆடின பத்தொன்பது ஆட்டத்தையும் அது கழித்துவிட்டது. கெட்சப் என்று இரண்டே ஆட்டம் ஆடி இரண்டிலும் ஜெயித்த ஒரு புது டீமை அது கண்டது. சோப்பு மத்தியை மூன்று தடவை நொறுக்கியிருந்தது, அந்த வெற்றிகளும் போயின. கெட்சப்பின் சரியான இடம் ஆறு.

ஐந்து வருஷத்தில் முதல் தப்பு. அது ஏற்கனவே ராட்டர்டாம் போய்ச் சேர்ந்திருக்கும்.

திங்கட்கிழமை கடைக்குப் போய் எல்லோர் முன்னாலும் தப்பை ஒப்புக்கொண்டாள். ஓபிலோ விரலை முகர்ந்து காட்டினார். மோகிங் மறுபடி மூலைக்குப் போனான். அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் அடுத்த வாரம் கப்பல் ஏஜென்சியிலிருந்து ஆள் வந்து, செய்தி எழுதிய ஒரு துண்டுக் காகிதத்தைக் கொடுத்தான். 'ஒப்பந்தம் நீட்டிக்கவில்லை. நவம்பரில் வருகிறேன். திபோ.'

அவள் அதை எடுத்துக்கொண்டு நேரே ஓபிலோ கடைக்குத்தான் போனாள். வேறு யாரிடம் போவாள்?

"மத்தி முதலிடம் வந்தா நீந்தி வரேன்னாரே, வந்துட்டாரு பாத்தீங்களா!" மோகிங் குதித்தான். "மனாங், வாயைத் திறக்காதீங்க. மனுஷன் வந்து சேரட்டும். வந்தப்புறம் ஆறாவதுன்னு தெரிஞ்சா திரும்பி நீந்தியா போவாரு?"

"தப்பான லிஸ்ட்டைக் காட்டி ஆளை வரவழைக்கிறதா?" என்றாள் பாசிங் அக்கா. "பாவ சங்கீர்த்தனத்துல சாமியார்கிட்ட என்னன்னு சொல்லுவா?"

"மூணு வருஷமா பொண்டாட்டியைப் பாக்காம இருந்தது மட்டும் புண்ணியமா மனாங்?"

"எனக்கு ஒரு கேள்வி," என்றார் ஓபிலோ. "நான் உரிச்ச ரெண்டு கிலோ பூண்டு?"

"சும்மா இருங்க மனோங்!" என்று இரண்டு பேரும் சேர்ந்து கத்தினார்கள்.

சால்விங் அந்தக் காகிதத்தை மடித்துக் கைப்பையில் வைத்தாள். அவளுக்கு அவன் வர வேண்டும். ராத்திரி சாப்பாட்டுக்கு எதிரே ஒரு ஆள் வேண்டும், ஒரு பிள்ளை வேண்டும், அதற்கு இன்னும் கொஞ்ச காலம்தான் இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். பேசாமல் இருந்தால் போதும், அவன் வந்துவிடுவான். இரண்டு நாள் அவள் பேசாமல்தான் இருந்தாள். ஆனால் மூன்றாவது நாள் ஒன்று உறைத்தது. கெட்சப்புக்காக வருகிறவன் கெட்சப்புக்காகத்தான் வருகிறான். வந்து பார்த்துவிட்டு, ஆறாவது இடமா என்று முகம் தொங்கினால் அந்த முகத்தை அவளால் பார்க்க முடியாது. அதோடு, உண்மையைச் சொல் என்று ஒன்றுதான் அவன் அவளிடம் இதுவரை கேட்டது.

தந்தி ஆபீஸில் எழுதிக் கொடுத்தாள்: 'கெட்சப் ஆறாவது. என் தப்பு. மன்னிக்கவும். சால்விங்.'

குமாஸ்தா அதை இரண்டு தடவை படித்தான். "ஏதாவது ரகசியக் குறியா மேடம்?"

"இல்ல. கூடைப்பந்து."

"கெட்சப் ஆறாவதா?" அவன் பேனாவை வைத்துவிட்டான். "நாலாவதாவது வரும் மேடம். செவ்வாய்க்கிழமை பாத்தீங்களா அந்த கார்டு என்ன ஆட்டம் ஆடுனான்னு?"

அவனோடும் கால் மணி நேரம் வாதாடிவிட்டுத்தான் வெளியே வந்தாள். தெருவில் இறங்கியதும் கண் நிறைந்துவிட்டது. கைக்குட்டையைக்கூட எடுக்காமல் பாலம் வரை அழுதுகொண்டே நடந்தாள்.

பதில் வரவில்லை. ஒரு வாரம், இரண்டு வாரம், மூன்று வாரம். ஏஜென்சியில் கேட்கலாம், அவள் கேட்கவில்லை. அவன் வேறு கப்பலில் ஏறியிருப்பான் என்று தனக்குத்தானே சொல்லி வைத்துக்கொண்டாள். கடையிலும் அவளிடம் யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. ஓபிலோகூட சோப்பு ஐந்தாவது இடத்தில் இருந்ததை ஏனென்று கேட்காமல் ஏற்றுக்கொண்டார். அந்த மரியாதைதான் அவளுக்கு எல்லாவற்றையும்விட வலித்தது.

நவம்பர் கடைசியில் ஒரு சனிக்கிழமை. மூன்று மணி. அவள் பெஞ்ச்மேல் ஏறி நின்று தாளின் மேல் மூலையை ஒட்டிக்கொண்டிருந்தாள். பின்னால் பேச்சு திடீரென்று நின்றது. திரும்பினாள். கையில் பெரிய பையோடு, இளைத்து, காதோரம் நரைத்து திபோ நின்றுகொண்டிருந்தான். வீடு பூட்டியிருந்தது, சனிக்கிழமைதானே என்று நேரே இங்கே வந்திருக்கிறான்.

"இறங்கு முதல்ல," என்றான். "உனக்கு என்ன ஆச்சு?"

"எனக்கு என்ன ஆச்சு?"

"அதைத்தான் கேக்கறேன். அஞ்சு வருஷத்துல ஒரு புள்ளிகூட நீ தப்பா அடிச்சதில்ல. அந்த லிஸ்ட்டைப் பிரிச்சதும் கப்பல்ல எல்லாரும் ஆடுறாங்க, பாடுறாங்க. எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. மத்தியாவது, முதலிடமாவது. பதினஞ்சு வருஷமா பாக்கறேன், எனக்குத் தெரியாதா? இவளுக்கு ஏதோ உடம்புக்கு ஆயிடுச்சு, இல்ல மனசுக்கு ஆயிடுச்சு, சொல்ல மாட்டேங்கிறான்னு அன்னைக்கே போய் கேப்டன்கிட்ட சொல்லிட்டேன், நான் நீட்டிக்கலைன்னு. அப்புறம் தந்தி வருது, மன்னிக்கவும்னு. நீயா? மன்னிக்கவுமா? அதைப் பாத்தப்புறம்தான் எனக்கு ரொம்ப பயம் வந்துச்சு. சொல்லு, என்ன ஆச்சு?"

சால்விங் பெஞ்சிலிருந்து இறங்கினாள்.

"ஒண்ணும் ஆகல. டீம் பேரு மாறுச்சு. பழைய ஆட்டத்துல பேரை மாத்த மறந்துட்டேன்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

"உடம்பு?"

"நல்லாத்தான் இருக்கு."

அவன் பையைக் கீழே வைத்தான். நாற்காலியைத் தேடி உட்கார்ந்தான். ஒரு மாதப் பயம் இறங்கினதில் முகம் தளர்ந்து, சிரிப்புக்கூட வந்தது. "அட ஆண்டவா! ஒண்ணும் ஆகலையா? அப்ப நான் எதுக்கு இவ்வளவு தூரம் ஓடி வந்தேன்?"

விளையாட்டாகத்தான் சொன்னான். ஆனால் சால்விங்குக்குக் காது மடல் சிவந்துவிட்டது. ஐந்து வருஷமாக அந்தக் கடையில் எண்ணைத் தவிர வேறு எதற்கும் குரலை உயர்த்தாதவள், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி கேட்டாள்.

"ஒண்ணும் ஆகலைன்னா நீ வீட்டுக்கு வரமாட்டியா, திபோ? நான் நல்லா இருந்தா வரக்கூடாதா? மூணு வருஷம். எனக்கு முப்பத்தேழு முடியப்போகுது."

ஓபிலோ கரண்டியைச் சாற்றுக்குள்ளேயே விட்டுவிட்டார். திபோ அவள் முகத்தையே பார்த்தான். தலையைக் குனிந்தான். மறுபடி பார்த்தான்.

"நான் நினைச்சேன்," என்றான் கடைசியில், "உனக்கு அந்த லிஸ்ட் போதும்னு. லெட்டர்ல ஒரு தடவைகூட வான்னு எழுதல நீ."

"எழுதணுமா?"

"எழுத வேண்டாம்," என்றான். "இனிமே எழுத வேண்டாம்."

மோகிங்குக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, அரைகுறையாக ஒட்டின தாளைப் பார்த்து, "மனாங், கெட்சப் மறுபடி ஏழாவதா? இது என்ன அநியாயம்!" என்று ஆரம்பித்தான். ஓபிலோவுக்கும் அதுதான் வேண்டியிருந்தது, மேஜையைத் தட்டினார். பாசிங் அக்கா ஜெபமாலையைக் கைப்பையில் போட்டுவிட்டு, ஏழாவதே அதிகம் என்றாள். கடை மறுபடி சந்தைபோல ஆயிற்று. ஐந்து வருஷத்தில் முதல் தடவையாக அந்தச் சண்டை முடிகிறவரை சால்விங் அங்கே நிற்கவில்லை. திபோவின் பையின் ஒரு பிடியை அவள் பிடித்துக்கொண்டாள், மறுபிடியை அவன் பிடித்துக்கொண்டான், இரண்டு பேரும் வீட்டுக்கு நடந்தார்கள்.